அந்தோனியாரின் நாக்கும் என் நாக்கும்

கொட்டாஞ்சேனை
2025 ஜூன் 17, செவ்வாய்க்கிழமை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் வொய்ஸ் போட்டால் ரெண்டு நிமிஷத்தில் முடிகிற வேலை என்று அம்மா சொல்கிறா. ஆனால் என் குரலில் எனக்கு நம்பிக்கை இல்லை. சனிக்கிழமை இரவு நீ சொன்னதைக் கேட்ட பிறகு கொஞ்சமும் இல்லை.

நீ சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது. "சின்னவன் சப்பாத்துப் போட மாட்டன் எண்டு நிலத்தில படுத்திட்டான். நான் கத்தினன் அப்பா. அவன் ரெண்டு கையாலயும் காதைப் பொத்தினான். அப்ப என்ட வாயில இருந்து வந்தது உங்கட குரல்." அதற்குப் பிறகு நீ ஒன்றும் கதைக்கவில்லை. நானும் கதைக்கவில்லை. லைன் வெட்டுப்பட்டுவிட்டது என்று நினைத்து அம்மா ரெலிபோனை வாங்கித் தட்டிப் பார்த்தா.

வைக்கப் போகும்போது இன்னொன்றும் சொன்னாய். செபிக்க முழந்தாளில் இருந்தால் கோபம்தான் கூடுகிறது, இந்த மனதோடு ஆண்டவருக்கு முன்னால் போக வெட்கமாக இருக்கிறது, கொஞ்சம் அமைதி வரட்டும் பிறகு செபிப்போம் என்று விட்டது இப்போது ரெண்டு மாதமாகிறது என்றாய்.

ரெண்டுக்கும் பதில் எழுத வேண்டும். செபம் பற்றியதை முதலில் எழுதுகிறேன். மற்றதற்குக் கொஞ்சம் தைரியம் தேவைப்படுகிறது. அது வந்து சேரும் வரைக்கும் நான் அங்குமிங்கும் போனால் பொறுத்துக்கொள்.

இன்று விடிய கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய்வந்தேன். ஜம்பட்டா வீதியால் நடந்துதான் போனேன். முழங்கால் இறக்கத்தில் சொல்லுக் கேட்கிறது, ஏற்றத்தில்தான் அடம் பிடிக்கிறது. வெள்ளிக்கிழமை திருவிழா முடிந்ததால் கோயிலடி கொஞ்சம் களைத்துப்போய்க் கிடந்தது. ஆனாலும் செவ்வாய்க்கிழமைக் கூட்டம் செவ்வாய்க்கிழமைக் கூட்டம்தான். பொட்டு வைத்த பெண்கள், வெள்ளை உடுத்திய சிங்களக் குடும்பங்கள், தொப்பி போட்ட ஒரு முஸ்லிம் ஐயா, எல்லாருக்கும் கையில் மெழுகுதிரி. எனக்கு முன்னால் நின்ற பெட்டை ஒன்று ரெலிபோனில் யாரையோ கிழிகிழி என்று கிழித்துக்கொண்டே ஒரு கையால் திரி கொளுத்தினாள். முன்பு என்றால் முறைத்திருப்பேன். இன்று, இவளாவது கோபத்தைக் கையோடு கொண்டுவந்திருக்கிறாளே என்று நினைத்தேன்.

அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற சுரூபம் உனக்கு நினைவிருக்கும். அந்தோனியாரின் நாக்கிலிருந்து எடுத்த சின்னத் துண்டு ஒன்று அதில் வைத்திருக்கிறது. அவர் 1231இல் செத்தவர். 1263இல் பதுவையில் கல்லறையைத் திறந்து பார்த்தபோது உடம்பெல்லாம் மண்ணாகிப்போயிருந்ததாம், நாக்கு மட்டும் கெடாமல் இருந்ததாம். நான் சின்னப் பெடியனாக இருக்கும்போது என் அம்மா, உன் அப்பம்மா, இந்தக் கதையைச் சொல்லாத திருவிழா கிடையாது. கதை முடிந்ததும் என் தாடையைப் பிடித்துத் திருப்புவா. "அவர்ட நாக்கு முப்பத்திரண்டு வருஷம் மண்ணுக்குள்ள கிடந்தும் கெடேல்ல. உன்ட நாக்கு பால்குடி மறக்க முதலே கெட்டுப்போச்சு."

எங்கள் வீட்டில் கோபம் காணி மாதிரி, கைமாறிக் கைமாறி வந்தது. என் அப்பாவுக்கு இருந்தது. எனக்கு வந்தது. உனக்கு வராது என்று நம்பியிருந்தேன். நீ அம்மாவின் முகம், அம்மாவின் நடை. நாக்கில் மட்டும் நான் போய் உட்கார்ந்துவிட்டேன் போலிருக்கிறது.

அம்மா பிறவியிலேயே பொறுமைசாலி என்று நீயும் நானும் நினைத்திருந்தோமே, நேற்று அவவிடமே கேட்டேன். அரிசி களைந்துகொண்டிருந்தவ திரும்பாமலே சொன்னா: "பொறுமையா? எனக்கா? உங்கள நான் ஒண்டும் செய்யாம விட்டது செபமாலையாலதான்." சிரிக்கவில்லை. நானும் சிரிக்காமல் வெளியே வந்துவிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அமைதி வந்த பிறகு செபிக்கலாம் என்கிறாயே, அது காய்ச்சல் சுகமான பிறகு டொக்டரிடம் போவோம் என்கிற கதை. இந்தப் பிழையை நான் முப்பது வருடம் செய்தேன். கோபம் வந்தால் அன்றைக்குச் செபமாலைக்கு உட்கார மாட்டேன். மனம் சுத்தமில்லாமல் மாதாவுக்கு முன்னால் இருக்கக் கூடாது என்று ஒரு பக்திக் காரணமும் கைவசம் இருந்தது. உண்மையான காரணம் வேறு. உட்கார்ந்தால் கோபம் தணிந்துவிடுமோ என்ற பயம். அன்றைக்கு அந்தக் கோபம் எனக்குத் தேவையாக இருந்தது.

யோனாவின் புத்தகத்தை இந்தக் கிழமை திரும்ப வாசித்தேன். நாலே அதிகாரம், பஸ்ஸில் வாசித்து முடிக்கலாம். மீன் விழுங்கின கதையைத்தான் ஞாயிறு மறைப்பள்ளியில் படிப்பிப்பார்கள். நாலாம் அதிகாரத்தை யாரும் சொல்லித் தருவதில்லை. நினிவே மனம் திரும்பிவிட்டது, ஆண்டவர் அழிக்கவில்லை, யோனாவுக்குச் சரியான கோபம். அந்தக் கோபத்தோடேயே அவர் செபிக்கிறார், மகள். "நீர் இப்படித்தான் இரக்கப்படுவீர் என்று எனக்கு அப்பவே தெரியும், என்னைச் சாகவிடும்" என்கிற மாதிரிச் செபம். நம் வீட்டில் ஒரு பிள்ளை இந்தத் தொனியில் கதைத்தால் அடி விழும். ஆண்டவர் அடிக்கவில்லை. நீ இப்படிக் கோபப்படுவது சரியா என்று ஒரு கேள்வி கேட்டார். யோனா பதிலே சொல்லாமல் நகரத்துக்கு வெளியே போய்க் குந்திக்கொண்டார். ஆண்டவர் ஆமணக்குச் செடி ஒன்றை முளைக்கவைத்து அவருக்கு நிழல் கொடுத்தார். அடுத்த நாள் அது வாடிப்போக, மனிதர் திரும்பவும் கோபம். திரும்பவும் அதே கேள்வி. கடைசியில், இடக்கை எது வலக்கை எது என்று தெரியாத ஒரு இலட்சத்து இருபதாயிரம் சனமும் இத்தனை மாடுகளும் இருக்கிற ஊருக்கு நான் இரங்கக் கூடாதா என்று கேட்பதோடு புத்தகம் முடிகிறது. யோனா என்ன சொன்னார், கோபம் ஆறியதா, ஒன்றும் எழுதியில்லை. எனக்குப் பிடித்ததே அதுதான். அவர் கடைசிவரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே இருந்திருக்கலாம். ஆனால் ஆண்டவரோடு கதைப்பதை நிறுத்தவில்லை, ஆண்டவரும் நிறுத்தவில்லை.

எனக்கு இது புத்தகத்தில் இருந்து விளங்கினதல்ல. காஸ் கியூவில் விளங்கினது.

2022 பொருளாதார நெருக்கடி உனக்கு வட்ஸ்அப் படங்களாகத்தான் தெரியும். நீ அங்கே வயிற்றில் சின்னவனோடு இருந்தாய், பயப்படுவாய் என்று பாதியை நாங்கள் சொல்லவில்லை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லை. காஸ் சிலிண்டர், அந்த 12.5 கிலோ, விலை ஏப்ரலில் 5000 ரூபாயை நெருங்கியது. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. சனம் சிலிண்டர்களை வீதியோரம் வரிசையாக அடுக்கி, கைபிடிகளுக்குள்ளால் சங்கிலி கோர்த்துப் பூட்டுப் போட்டுவிட்டு, கொப்பி ஒன்றில் பெயர் எழுதிவைப்பார்கள். நான் விடிய நாலு மணிக்குப் போனேன். எழுபத்து எட்டாவது ஆள்.

ஆறு மணியளவில் ஒரு பெடியன் ரெண்டு சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்து எனக்கு முன்னால் வைத்தான். நான் வெடித்துவிட்டேன். முதலில் சிங்களத்தில், பிறகு தமிழில், பிறகு எந்தப் பாஷையென்று எனக்கே தெரியாது. முழு வரிசையும் திரும்பிப் பார்த்தது. பெடியன் வாயைத் திறக்கவில்லை. அவனுக்குப் பின்னால், கொப்பியில் எழுபத்து ஏழாவது பெயருக்குச் சொந்தக்காரி, ஒரு வயதான முஸ்லிம் அம்மா, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கல்லில் இருந்து எழும்பி வந்தா. "கோவப்படாதீங்க மவன், அது என்ட பேரன்தான். என்னால தூக்க ஏலா." ஒரு சிலிண்டர் அவவின் இடத்துக்கு, மற்றது பின்னால் எங்கேயோ வைக்க வேண்டியது, பெடியன் களைப்பாற இறக்கி வைத்திருக்கிறான். அவ்வளவுதான்.

எனக்கு அப்போது அறுபத்தொரு வயது. அந்த அம்மா என்னை "மவன்" என்று கூப்பிட்டதுதான் கூடச் சுட்டது. கொஞ்ச நேரத்தில் போத்தல் மூடியில் ப்ளேன்டீ ஊற்றி நீட்டினா. வாங்கிக் குடித்தேன். மன்னிப்புக் கேட்டேனா? இல்லை. தலையை ஆட்டினேன்.

இனியும் வாய் திறந்தால் என்ன வருமோ என்ற பயத்தில் சட்டைப் பையில் இருந்த செபமாலையை எடுத்தேன். பக்தியில் எடுக்கவில்லை, வெட்கத்தில் எடுத்தேன். ஐம்பத்து மூன்று மணி. ஒரு சுற்று முடிய இருபது நிமிஷம். ரெண்டாவது சுற்றிலும் அந்தப் பெடியன் மேல் எரிச்சல் இருந்தது, காரணமே இல்லாமல். மூன்றாவதில் அரசாங்கத்தின் மேல் திரும்பியது, அதற்குக் காரணம் இருந்தது. ஐந்தாவது சுற்று ஓடும்போது லொறி வந்தது. அறுபது சிலிண்டர் இறக்கிவிட்டுப் போய்விட்டது. எனக்குக் கிடைக்கவில்லை, அந்த அம்மாவுக்கும் கிடைக்கவில்லை.

அன்றைக்கு எனக்கு அமைதியும் கிடைக்கவில்லை, மகள். மனம் குளிர்ந்தது, ஒளி தெரிந்தது என்றெல்லாம் சாட்சி சொல்கிறவர்கள் சொல்லட்டும். எனக்கு நடந்தது இவ்வளவுதான். அந்த நூறு நிமிஷமும் என் வாய் வேலையாக இருந்தது. வேறு யாரையும் அது கடிக்கவில்லை. வெறும் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வரும்போதுதான் அந்தோனியாரின் நாக்கு ஞாபகம் வந்தது. பேசிப் பேசியே புனிதரான நாக்கு அது. என்னுடையது அந்த அளவுக்கு வராது. செபமாலையின் பத்து மணியில் கட்டிப்போட்டால் போதும்.

இதை அப்பம்மா எனக்கு நாற்பது வருடத்துக்கு முன்பே காட்டியிருந்தா. 83 ஜூலைக் கலவரத்தில் நாங்கள் பக்கத்துச் சிங்கள வீட்டின் பின் அறையில் ஒளிந்திருந்தோம். வெளியே புகை மணம், சத்தம். அறையில் அரிசி மூட்டை ஒன்றும் உடைந்த தையல் மெஷின் ஒன்றும் இருந்தது நினைவிருக்கிறது. மணிகள் உரசுகிற சத்தம் வெளியே கேட்கும் என்று அப்பம்மா செபமாலையைச் சேலைத் தலைப்புக்குள் சுற்றி வைத்து, உதடு அசையாமல் உருட்டிக்கொண்டிருந்தா. எனக்கு இருபத்திரண்டு வயது. அவவின் கையைப் பிடித்தேன். கை அப்படி நடுங்கியது. நான் பிடித்தும் நடுக்கம் நிற்கவில்லை, செபித்தும் நிற்கவில்லை, மணி மட்டும் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டே இருந்தது. எல்லாம் அடங்கிப் பல மாதத்துக்குப் பிறகு கேட்டேன், செபம் சொல்லியும் ஏன் அம்மா அவ்வளவு நடுங்கினீங்கள் என்று. "பயந்தா நடுங்கும்தானே. கை சும்மா நடுங்கிறதுக்கு செபமாலையோட நடுங்கட்டும்."

நீயும் அப்படியே போ. கத்தின மூச்சு அடங்க முதல் போ. ஆண்டவரே எனக்கு இந்தப் பிள்ளையில் எரிச்சலாக இருக்கிறது, இந்த வேலையில் எரிச்சலாக இருக்கிறது, இதற்கெல்லாம் கல்யாணம் கட்டினேனா என்று இருக்கிறது என்று அவரிடமே சொல். அவருக்கு இதில் ஒன்றும் புதுச் செய்தி இல்லை. பதின்மூன்றாம் திருப்பாடலை எடுத்துப் பார். ஆறு வசனம், தொடக்கத்திலேயே எத்தனை நாள், எத்தனை நாள் என்று நாலு தரம் கேட்கிறது. அதையும் திருச்சபை செபம் என்றுதான் வைத்திருக்கிறது.

இன்னொன்று. நீ இரவு வேலை முடித்து விடிய ஏழு மணிக்கு வந்து, மருமகன் வேலைக்குப் போக, சின்னவனை டேகெயாரில் விட்டுவிட்டு, நாலு மணித்தியாலம் படுக்கிறாய் என்று அம்மா சொன்னா. நித்திரையில்லாத கோபத்துக்கு நித்திரைதான் மருந்து. அதைப் பாவக் கணக்கில் எழுதாதே. எலியா இறைவாக்கினர் ஓடிக் களைத்துச் சூரைச்செடியின் கீழே விழுந்து, போதும் ஆண்டவரே என் உயிரை எடும் என்று சொன்னபோது ஆண்டவர் அவருக்குப் பிரசங்கம் வைக்கவில்லை. தூங்கவிட்டார். வானதூதர் வந்து தட்டி எழுப்பிச் சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். சாப்பிட்டுவிட்டு எலியா திரும்பவும் படுத்துக்கொண்டார். ரெண்டாம் தரமும் அப்பம் வந்தது. கதையெல்லாம் அதற்குப் பிறகுதான். ஆகவே ஒரு கிழமைக்காவது இரவு வேலையை மாற்றிக் கேள். செபமாலை சொல்லும்போது மூன்றாவது மணியில் நித்திரை வந்தால் நித்திரை கொள். மனம் அப்படியே இருண்டு கிடந்தால் அங்கே டொக்டரிடம் போய்ச் சொல். அதை விசுவாசக் குறைவென்று எந்த அன்ரி சொன்னாலும் காதில் விழுத்தாதே.

வேலையில் உன் லீவைத் திரும்பத் திரும்ப வெட்டுகிறார்கள் என்றாயே, ஆண்டவருக்காகப் பொறுத்துக்கொள்கிறேன் என்று. அது எனக்குச் சரியாகப் படவில்லை. பொறுமைக்கும் வாய் மூடி இருப்பதற்கும் தூரம் இருக்கிறது. அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்த உயிர்த்த ஞாயிறை, 2019 ஏப்ரல் 21ஐ நினைத்துப் பார். நாங்கள் முதல் நாள் இரவுப் பூசைக்குப் போய்விட்டு வந்து காலையில் வீட்டில் இருந்தோம். 8.45 இருக்கும். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, நீ தேத்தண்ணிக் கோப்பையோடு எழும்பி நின்றாய். நாங்கள் தப்பியதைக் கடவுளின் விசேஷ கருணை என்று எனக்குச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை, நீயும் யாருக்கும் சொல்லாதே. காலைப் பூசைக்குப் பிள்ளைகளைக் குளிப்பாட்டிக் கூட்டிக்கொண்டு போன சனம் எங்களைவிட எந்த விதத்தில் குறைந்தவர்கள்? ஜூன் 12இல் கோயிலைத் திரும்பத் திறந்தபோது போனேன், ஒரு செபமும் வரவில்லை. ஏன் என்று மட்டும் கேட்டுவிட்டு வந்தேன். செத்தவர்களின் குடும்பங்கள் யார் மேலும் கல்லெறியவில்லை. ஆனால் கேட்பதை விடவும் இல்லை. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதியையே பத்துக் கோடி ரூபாய் நட்டஈடு கட்டச் சொன்னது, அவர்கள் அதோடும் நிற்கவில்லை. இன்றைக்கும் நீதி கேட்கிறார்கள், மெழுகுதிரியும் கொளுத்துகிறார்கள். நான் பொறுமை என்று அதைத்தான் சொல்வேன். நீ போய் உன் லீவைக் கேள். கத்தாமல் கேள், ஆனால் கேள்.

பவுலடியார் எபேசியருக்கு எழுதினதை அம்மா கல்யாணம் கட்டின புதிதில் எனக்கு அடிக்கடி சொல்லிக் காட்டுவா. கோபப்பட்டாலும் பாவம் செய்யாதே, பொழுது சாய முதல் கோபத்தைத் தணி என்று. இங்கே ஆறரைக்குப் பொழுது சாய்ந்துவிடும், எனக்கு அவகாசம் குறைவு. உங்கள் ரொறன்ரோவில் இந்த மாதம் ஒன்பது மணிவரை வெளிச்சமாம். பவுலடியார் அதை யோசித்து எழுதவில்லைப் போல. நீ அதற்காகச் சூரியனைப் பார்த்துக்கொண்டு இராதே, சின்னவன் படுக்க முதல் முடித்துவிடு. அவனுக்கு எத்தனை வயதென்று பார்க்காதே. அவன் கண் மட்டத்துக்குக் குனிந்து, அம்மா கத்தினது பிழை, மன்னிச்சுக்கொள் என்று சொல். மூன்று வயதுக்கு விளங்கும்.

இதை உனக்குச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று நீ கேட்க முதல் நானே சொல்லிவிடுகிறேன். தைரியம் வரவில்லை, ஆனால் தாள் முடியப்போகிறது.

2003. நீ ஐந்தாம் வகுப்பு, புலமைப்பரிசில் பரீட்சைக்கு ரெண்டு கிழமை இருந்தது. சாப்பாட்டு மேசையில் கணக்குச் செய்துகொண்டிருந்தாய். பின்னக் கணக்கு. மூன்றாவது தரமும் பிழைவிட்டாய். நான் கொப்பியை இரண்டாகக் கிழித்தேன். அடிமட்டத்தால் அடித்தேன், அடிமட்டம் முறிந்தது. நீ கையை மறைக்கவில்லை, காதைத்தான் பொத்தினாய். அடியைவிட என் சத்தத்துக்குத்தான் நீ பயந்தாய் என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்தது. தெரிந்தும் நிறுத்தவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். உள்ளே இருந்த சுவாமி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பிள்ளைக்கு எத்தனை வயதென்று கேட்டார். பத்து என்றேன். "செபம் ஒண்டும் வேண்டாம். வீட்டை போய்ப் பிள்ளையிட்ட மன்னிப்புக் கேளுங்கோ. அதுதான் உங்கட பரிகாரம்." எனக்கு ஐம்பது தரம் பரலோகத்திலிருக்கிற எங்கள் பிதாவே சொல்லச் சொல்லியிருந்தால் நூறு சொல்லியிருப்பேன். வீட்டுக்கு வந்தேன். நீ படுத்திருந்தாய். நித்திரையா, நடிப்பா தெரியாது. நான் எழுப்பவில்லை. அடுத்த நாள் உன்னைக் காலிமுகத்திடலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன், பட்டம் வாங்கித் தந்தேன், இறால் வடை வாங்கித் தந்தேன். நீ வடையின் மேலிருந்த இறாலைப் பிய்த்து எனக்கு நீட்டினாய். கணக்குத் தீர்ந்தது என்று மனதுக்குள் எழுதிக்கொண்டேன்.

பன்னிரண்டு வருடம் கழித்து அதே திடலில் இன்னொரு சந்தர்ப்பம் வந்தது. 2015 ஜனவரி 14, பாப்பரசர் பிரான்சிஸ் யோசேவாஸ் அடிகளைப் புனிதராக்கிய பூசைக்கு முதல் நாள் இரவே போய்ப் பேப்பர் விரித்து இருந்தோமே. 1687இல் ஒல்லாந்தர் கண்ணில் படாமல் கூலிக்காரன் வேஷத்தில் வந்து, கண்டியில் சிறையிருந்து, இருபத்து நாலு வருடம் இந்தத் தீவில் அலைந்த அந்த மனிதரைப் பற்றி நீதான் எனக்கு வாசித்துக் காட்டினாய். பிறகு என் தோளில் தலை வைத்துத் தூங்கிவிட்டாய். கடல் காற்று. சுற்றிலும் சனம். இப்போது எழும்பினால் கேட்டுவிடுவேன் என்று நினைத்தேன். நீ எழும்பினாய், யாரோ பாட்டு ஆரம்பித்தார்கள், நானும் சேர்ந்து பாடினேன். எனக்குச் சாட்டு எப்போதும் ஒன்று கிடைத்துவிடும், பார்த்தாயா.

இருபத்திரண்டு வருடமாக அந்தப் பரிகாரம் என்னிடம் பாக்கி இருக்கிறது. சுவாமியும் இப்போது உயிரோடு இல்லை.

மகள், அந்தக் கொப்பியைக் கிழித்ததற்கும், அடித்ததற்கும், அதைவிடக் கூட, அப்படிச் சத்தம் போட்டதற்கும், என்னை மன்னித்துக்கொள். அது உன் கணக்கால் வந்த கோபம் இல்லை. அன்று கடையில் முதலாளி எல்லாருக்கும் முன்னால் என்னை ஏசியிருந்தார், அதை வீட்டுக்குக் கொண்டுவந்து பத்து வயதுப் பிள்ளையின் தலையில் இறக்கினேன். காரணம் சொல்வதற்காக எழுதவில்லை. உன்னில் பிழை இருந்ததென்று நீ இன்றுவரை நினைத்திருந்தால் அதை விட்டுவிடு என்று சொல்ல எழுதுகிறேன்.

இதற்கு ரெலிபோனில் பதில் சொல்லாதே. அம்மா பக்கத்தில் இருப்பா, என்னால் கதைக்க வராது. நேரம் கிடைத்தால் எழுது. மன்னிக்க இன்னும் காலம் வேண்டுமென்றால் அதையும் எழுது.

அப்பம்மாவின் செபமாலையை அடுத்த கிழமை அங்கே வருகிற ஒருவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். 83இல் சேலைக்குள் இருந்த அதே செபமாலை. மூன்றாவது பத்தில் ஒரு மணி இல்லை, எப்போது விழுந்ததென்று அவவுக்கே தெரியாது. அந்த இடத்தில் நூலால் ஒரு முடிச்சுப் போட்டிருக்கிறா, பத்தாவதை அதில் சொல். சின்னவன் இழுத்தால் இழுக்கட்டும், கம்பி உறுதி. கூடவே அம்மா மிளகாய்த்தூளும் வறுத்த அரிசிமாவும் கட்டி வைத்திருக்கிறா, மிளகாய்த்தூள் இந்த முறை உறைப்புக் கூடவாம், பார்த்துப் போடச் சொன்னா.

அன்புடன்,
அப்பா